முதல் கிட்டார்: நைலானா, ஸ்டீலா?

கிட்டார் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் உடனே சொல்லிவிடுவார்: "கிளாசிக்கல் வாங்கு, நைலான் தந்தி, விரல் வலிக்காது." எனக்கும் அதையேதான் சொன்னார்கள், நானும் அதைத்தான் வாங்கினேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று நாலு வாரத்தில் தானாகப் போய்விடுகிற ஒரு வலிக்குப் பயந்து, வருடக்கணக்கில் மடியில் உட்காரப்போகிற வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற யோசனை அது. எல்லோரும் இடது கை விரல் நுனியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், வலது கை என்ன செய்யப்போகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என்னை யாராவது கேட்டிருந்தால் ஒன்றரை வருடக் குழப்பமும் ஒரு பிரிட்ஜும் (தந்திகளைப் பெட்டியோடு பிடித்து வைத்திருக்கிற கட்டை) தப்பித்திருக்கும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிளாசிக்கலும் அக்கூஸ்டிக்தான், மின்சாரம் இல்லாமல் மரப்பெட்டியில் ஒலிக்கிற எல்லாமே அக்கூஸ்டிக்தான், ஆனால் பேச்சில் 'அக்கூஸ்டிக்' என்றால் ஸ்டீல் தந்தி போட்டது என்று ஆகிவிட்டது, அதனால் இங்கே நைலான், ஸ்டீல் என்றே சொல்கிறேன். கிளாசிக்கல் என்றதும் சாஸ்திரிய சங்கீதம் மட்டும்தான் வாசிக்கலாம் என்று பயந்துபோகிறவர்களும் உண்டு, அதெல்லாம் இல்லை, பிரேசிலின் போசா நோவா முழுக்க நைலான் தந்தியில் வளர்ந்த இசைதான். அடையாளம் கண்டுபிடிப்பதும் சுலபம். தலைப்பகுதியில் நீளமாக இரண்டு ஜன்னல் வெட்டியிருக்கும், கழுத்து 12ஆவது ஃப்ரெட்டில் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியும் அதை ஒட்டிய கட்டமும் ஃப்ரெட்தான்) பெட்டியோடு சேரும், விரல் வைக்கிற பலகையின் முகப்பில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூட இருக்காது, தந்திகளை பிரிட்ஜில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். இது நைலான். கழுத்து பெரும்பாலும் 14ஆவது ஃப்ரெட்டில் சேர்ந்து, 3, 5, 7, 9, 12 என்று புள்ளிகள் வைத்து, பிரிட்ஜில் ஆறு குமிழ் குத்தியிருந்தால் ஸ்டீல்.

சரி, வலிக்கு வருவோம், எல்லோரும் அங்கேதானே தொடங்குகிறார்கள். சாதாரண நைலான் செட் ஒன்றில் ஆறு தந்தியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற விசை ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீலில் பரவலாக வருகிற 12 கேஜ் செட் (முதல் தந்தியின் கனத்தை வைத்துச் சொல்கிற எண்) 70 கிலோவைத் தாண்டிவிடும். போதாததற்கு ஸ்டீலின் முதல் தந்தி, ஆறிலும் மெல்லியது, வெறும் 0.3 மில்லிமீட்டர் கனம், கத்தி முனை மாதிரி விரலில் இறங்கும், நைலானின் முதல் தந்தி 0.7 மில்லிமீட்டர், அழுத்தம் பரவிவிடும். இதுவரை நைலான் கட்சி சொல்வது சரி. அவர்கள் சொல்லாமல் விடுவது, தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை, அதாவது ஆக்‌ஷனை. நைலான் தந்தி அகலமாக அதிர்வதால் அதற்கு இடம் வேண்டும், 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த பக்கம் 4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 3 மில்லிமீட்டர் என்பது சாதாரணம். நன்றாக சரிசெய்த ஸ்டீல் கிட்டாரில் அதே இடத்தில் இரண்டு, இரண்டரைதான். ஆக, உயரமாகத் தூக்கி நிற்கிற நைலானை விடத் தாழ்வாக வைத்த ஸ்டீல் கைக்கு இதமாக இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. அப்புறம் இன்னொரு வேடிக்கை: இடது கைக்கு எல்லாவற்றையும் விட மென்மையானது எலெக்ட்ரிக். 9 கேஜ் செட்டின் மொத்த இழுவிசை நைலானை ஒட்டித்தான் இருக்கும், தந்தி பலகையை உரசுகிற மாதிரி தாழ்வாக இருக்கும், கழுத்தும் ஒல்லி. வலிதான் உங்கள் ஒரே கவலை என்றால் நியாயமாக அதைத்தான் வாங்கவேண்டும், ஆனால் அந்தக் காரணத்துக்காக எலெக்ட்ரிக் வாங்கு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வலி போகுமா என்றால் போகும். தினமும் பதினைந்து இருபது நிமிடம் வாசித்தால் விரல் நுனி முதலில் சிவக்கும், அப்புறம் தோல் உரியும், அப்புறம் காய்த்துப்போகும். காய்ப்பு ஏறியபின் நீங்கள் வலி என்ற வார்த்தையையே மறந்துவிடுவீர்கள். குளித்த கையோடு வாசிக்காதீர்கள், ஊறிய தோல் கிழியும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு ஐந்து நாள் விரலை ஊதிக்கொண்டு உட்காருவதை விட தினம் கொஞ்சம் வாசிப்பது நல்லது. அதே சமயம், முதல் மாதத்தில்தான் பாதிப் பேர் கிட்டாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தவர்களைப் பார்த்த வரையில் உண்மை, அதனால் வலி ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பத்து வயதுக் குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முக்கால் அளவு நைலான் கிட்டார்தான்.

அடுத்தது கழுத்தின் அகலம், இங்கேதான் உண்மையான வித்தியாசம் தொடங்குகிறது. நட் என்று சொல்கிற தலைப்பக்க விளிம்பில் கிளாசிக்கல் கழுத்து 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் 43, 44தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். C கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கிற விரல் பிடி) பிடித்துப் பாருங்கள். மோதிர விரல் ஐந்தாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காவதில் இரண்டாம் ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாவதில் முதல் ஃப்ரெட், இவற்றுக்கு நடுவே மூன்றாவது தந்தியும் முதல் தந்தியும் விரல் படாமல் ஒலிக்கவேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஆள்காட்டி விரலின் அடிச்சதை முதல் தந்தியில் சாய்ந்து 'தொப்' என்று ஒரு செத்த சத்தம் வரும். நைலான் கிட்டாரில் அடுத்தடுத்த தந்திகளுக்கு நடுவே எட்டரை மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி, ஸ்டீலில் ஏழுக்குச் சற்று மேல். அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் பருத்த விரல்காரர்களுக்குப் பெரிய வரப்பிரசாதம், தப்பாகச் சாய்ந்த விரலுக்கும் மன்னிப்பு கிடைக்கும். அதே அகலம் சிறிய கைக்காரர்களுக்கு வினை. தடித்த ஆறாவது தந்தியை எட்ட மணிக்கட்டை வெளியே தள்ளவேண்டும், கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவில் வைத்தே ஆகவேண்டும், ஸ்டீலில் பலர் செய்வதுபோல கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாவது தந்தியைப் பிடிக்கிற வேலை கிளாசிக்கலில் அநேகமாக நடக்காது. பலகையும் தட்டையாக இருக்கும், ஸ்டீலில் மெல்லிய வளைவு உண்டு. ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்துகிற F கார்ட் வரும்போது இந்த வளைவின் அருமை புரியும். ஆனால் அங்கே நைலான் இழுவிசை குறைவு என்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது, F எல்லா கிட்டாரிலும் எல்லோரையும் அழவைக்கும்.

சிறிய கை என்று கவலைப்படுகிறவர்கள் அகலத்தை மட்டும் பார்த்துவிட்டு நீளத்தை மறந்துவிடுகிறார்கள். கிளாசிக்கலின் தந்தி நீளம் 650 மில்லிமீட்டர், 19ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தே தோரெஸ் என்ற ஸ்பானிய கிட்டார் ஆசாரி வகுத்துவிட்டுப்போன அளவு, இன்றும் கிட்டத்தட்ட அதுதான். அந்த நீளத்தில் முதல் ஃப்ரெட்டின் அகலம் முப்பத்தாறரை மில்லிமீட்டர். இரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப், மாட்டினால் முதல் கட்டம் முப்பத்திரண்டரை ஆகிவிடும், தந்தியும் தாழ்ந்துவிடும், விரல் நாலு மில்லிமீட்டர் குறைவாக விரிந்தால் போதும். முதல் இரண்டு மாதம் இப்படிப் பழகிவிட்டு அப்புறம் கழற்றலாம், யாரும் திட்டமாட்டார்கள். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும், ஸ்டீலுக்கான வளைந்த கேப்போ நைலானில் நடுத் தந்திகளை மட்டும் அழுத்திவிட்டு ஓரத்தைக் கோட்டை விட்டுவிடும். தட்டையான, அகலமான கேப்போ தனியாகக் கிடைக்கிறது.

இனி வலது கை. உங்கள் மனதில் ஓடுகிற பாட்டில் கிட்டார் என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுப்பாருங்கள். யாரோ பாடுகிறார்கள், பின்னால் கிட்டார் 'ஜங் ஜக ஜங்' என்று தாளம் போடுகிறதா? அது ஸ்டீல், பிக் என்ற சின்னத் தகட்டை விரலில் பிடித்து அடிப்பது. அந்த மினுமினுப்பு நைலானில் வரவே வராது. வந்த மாதிரி காட்ட நீங்கள் இன்னும் பலமாக அடிப்பீர்கள், அது இன்னும் மொத்தையாக ஒலிக்கும், நான் மாதக்கணக்கில் செய்ததே அதுதான். இல்லை, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, உருண்டையாக, கீழே ஒரு குரல் மேலே ஒரு குரல் என்று பேசிக்கொள்கிறதா? அது நைலான், அதுவும் விரலால் மீட்டுவது. கட்டைவிரலுக்கு மூன்று தடித்த தந்தி, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களுக்கு ஆளுக்கு ஒரு மெல்லிய தந்தி என்று பங்கு பிரித்துக்கொண்டு வாசிக்கிற முறை. அகலமான கழுத்து இருப்பதே இந்த வலது கை விரல்களுக்கு இடம் கொடுக்கத்தான், இடது கைக்கு நல்லது செய்ய இல்லை. இது புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு அந்த வாத்தியத்தின் மேல் இருந்த கோபம் போனது.

நைலானில் பிக் போட்டு வாசிக்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் அரை நூற்றாண்டுக்கு மேலாக மார்ட்டின் N-20 என்ற நைலான் கிட்டாரைத்தான் பிக் வைத்து வாசிக்கிறார், 'டிரிகர்' என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார். அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து இன்னொரு ஓட்டையே விழுந்திருக்கும். கிளாசிக்கலில் பிக் உரசாமல் காக்கிற தகடு கிடையாது, மேற்பலகையும் மெல்லியது, அதனால்தான். அவருக்கு அது அழகு. உங்களுக்கு முதல் வருடத்திலேயே வேண்டாம்.

வலது கையோடு சேர்ந்து வருகிற இன்னொன்று, எந்தப் பாதையில் கற்கப்போகிறீர்கள் என்பது. கிளாசிக்கல் ஆசிரியரிடம் போனால் இடது காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி, நிமிர்ந்த முதுகு, முகத்துக்கு எதிரே ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய சுரக்குறிப்பு, ஒவ்வொரு தந்தியாக மீட்டல் என்று போகும், வலது கை நகத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்த்து ராவிப் பராமரிக்கவும் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவர்கள் "ஒரு பாட்டு வாசி" என்றால் கையில் பாட்டு இருக்காது, சின்னச் சின்னப் பயிற்சித் துண்டுகள்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் கை உட்கார்ந்துவிடும், பின்னால் எதை வாசித்தாலும் அது கூட வரும். ஸ்டீலில் கார்ட் வழியாகப் போனால் G, C, D, Em என்று நாலைப் பழகி மூன்றாவது வாரமே எதையாவது பாடிக்கொண்டு அடித்துவிடலாம். எது நல்லது என்று கேட்டால், உங்கள் பொறுமையைப் பொறுத்தது என்று நழுவ மனமில்லை: பாட்டுப் பாட ஆசை உள்ளவரைக் கிளாசிக்கல் வகுப்பில் சேர்ப்பது, பசித்தவனிடம் சமையல் புத்தகத்தைக் கொடுப்பது மாதிரி.

இப்போது பிரிட்ஜ் கதை. நைலான் மொத்தையாக ஒலிக்கிறதே என்று ஒரு ஸ்டீல் தந்தி செட் வாங்கி அந்தக் கிளாசிக்கலிலேயே மாட்டினேன். குண்டு முனைகளை பிரிட்ஜ் துளையில் செருகி முறுக்கியதும் சத்தம் பிரமாதமாக இருந்தது, இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்றுகூட நினைத்தேன். நாலாம் நாள் தந்திகள் வழக்கத்தை விட உயரமாக நிற்பதைப் பார்த்தேன், பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை லேசாகப் புடைத்திருந்தது. ஏழாம் நாள் அடுத்த அறையில் இருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பிரிட்ஜ் ஆறு தந்தியோடு பெயர்ந்து தொங்குகிறது, அதன் அடியில் மேற்பலகையின் மரம் சிராய் சிராயாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 40 கிலோவுக்குச் செய்த பொருளின் மேல் 70 கிலோவை ஏற்றினால் வேறென்ன நடக்கும். கிளாசிக்கலின் மேற்பலகைக்கு அடியில் விசிறி மாதிரி விரிந்த மெல்லிய குச்சிகள்தான் தாங்கு, ஸ்டீல் கிட்டாரில் X வடிவில் குறுக்கே போகிற கனமான கட்டைகள் இருக்கும். கழுத்துக்குள்ளும் அதேதான், ஸ்டீலில் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடும், தேவைப்பட்டால் முடுக்கிக் கழுத்தை நிமிர்த்தலாம், பெரும்பாலான கிளாசிக்கலில் அது கிடையாது. மறுபக்கம், ஸ்டீல் கிட்டாரில் நைலான் போட்டால் ஒன்றும் உடையாது, ஆனால் அந்தக் கனத்த பலகையை அசைக்க நைலானுக்குத் தெம்பு இருக்காது, சோனியாக ஒலிக்கும். இரண்டும் வேறு வேறு வாத்தியங்கள், தந்தியை மாற்றி ஒன்றை இன்னொன்றாக ஆக்கமுடியாது.

அன்றாடப் பராமரிப்பில் ஸ்டீல் கொஞ்சம் சோம்பேறிகளுக்கு ஏற்றது. புது நைலான் தந்தி பல நாளைக்கு இளகிக்கொண்டே இருக்கும், சுருதி சேர்த்து ஒரு பாட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடும், ஆரம்பக்காரர்கள் கிட்டாரே கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். கோளாறு இல்லை, ஒரு வாரம் விடாமல் சேர்த்துக்கொண்டே இருங்கள், அடங்கிவிடும். கட்டுவதும் ஒரு கலை. முதல் தந்தி வழவழவென்று இருப்பதால் ஒரே சுற்றில் முடிச்சுப் போட்டால் முறுக்க முறுக்க நழுவி, சாட்டை மாதிரி அவிழ்ந்து மேற்பலகையில் ஒரு குழி போட்டுவிட்டுப் போகும். இரண்டு மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்று பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே சிக்குகிற மாதிரி இழுக்கவேண்டும். ஸ்டீலில் குண்டு முனையைத் துளையில் போட்டுக் குமிழை அழுத்தினால் வேலை முடிந்தது, ஆனால் வியர்வைக் கைக்குச் சீக்கிரம் துருவேறும். நைலானில் துருப்பிடிப்பது இல்லை, தடித்த மூன்று தந்திகளின் மேல் சுற்றிய உலோகச் சுருள்தான் ஃப்ரெட் படும் இடத்தில் தேய்ந்து மங்கும். சொல்லப்போனால் நைலான் தந்தியும் ரொம்பப் பழைய மரபு இல்லை, அதற்கு முன் விலங்குக் குடலைத்தான் திரித்துப் போட்டார்கள், 1940களில்தான் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளரும் ஸ்பானிய கிட்டார் கலைஞர் ஆந்திரே செகோவியாவும் சேர்ந்து நைலானைக் கொண்டுவந்தார்கள்.

எலெக்ட்ரிக்கைப் பற்றிச் சுருக்கமாக. கைக்கு இதம் என்று மேலேயே சொன்னேன். ஆம்ப், கேபிள் என்று கூடவே ஒரு குடித்தனம் வரும், வாசிக்க நினைத்ததும் எடுத்து வாசிக்கிற சௌகரியம் போய்விடும். ராக், மெட்டல், ப்ளூஸ் பிடித்தவர் தாராளமாக அங்கேயே தொடங்கலாம், "முதலில் அக்கூஸ்டிக்கில் பழகணும்" என்பதெல்லாம் பெரியவர்கள் சொல்லிவைத்த பழக்கம். தந்தியை நெட்டி வளைத்துச் சுரத்தை ஏற்றுகிற வேலை நைலானில் ஏறக்குறைய வராது.

நடுவில் ஒரு சாதி இருக்கிறது, கிராஸ்ஓவர் என்பார்கள். நைலான் தந்தி, ஆனால் கழுத்து 48 மில்லிமீட்டர் அளவில், பலகையில் லேசான வளைவு, பெட்டியும் ஒல்லி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் கிட்டாராக நான் சொல்லமாட்டேன், எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று தெரிந்தபின் வாங்குகிற பொருள் அது.

ஒன்றில் தொடங்கி மற்றதற்கு மாறினால் எல்லாம் வீணா என்று கேட்கிறார்கள். நைலான், ஸ்டீல், எலெக்ட்ரிக் மூன்றிலும் ஆறு தந்திக்கும் ஒரே சுருதிதான், E A D G B E, கார்ட் வடிவங்களும் அதேதான். நைலானிலிருந்து ஸ்டீலுக்குப் போனபோது எனக்கு விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, நுனி மறுபடி எரிந்தது, இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. திரும்பிப் போவதுதான் கஷ்டம். பிக் வைத்து அடித்துப் பழகிய வலது கைக்கு விரல் மீட்டல் முதல் வகுப்பிலிருந்து வரவேண்டும், நான் இன்னும் அங்கே தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆக, வீட்டில் யாரோ விட்டுப்போன கிளாசிக்கல் சும்மா கிடக்கிறது என்றால் புதிது தேடாதீர்கள், அதிலேயே தொடங்குங்கள். விரலால் மீட்டுகிற ஒலி பிடிக்கும், நொட்டேஷன் படிக்கப் பொறுமை இருக்கிறது, அல்லது விரல்கள் பருத்தவை என்றால் நைலான், யமஹா C40 மாதிரி எளிய ஒன்று வருடக்கணக்கில் தாங்கும். பாடிக்கொண்டே வாசிக்கத்தான் ஆசை என்றால் வலியைப் பார்க்காமல் ஸ்டீல். ஆனால் டிரெட்நாட் என்கிற அந்தப் பெரிய பெட்டியை விட்டு இடுப்பு ஒடுங்கிய சின்னப் பெட்டியாகப் பாருங்கள், பெரியதில் வலது தோள் தூக்கியே இருக்கும், 12க்குப் பதில் 11 அல்லது 10 கேஜ் தந்தி மாட்டச் சொல்லுங்கள், ஆக்‌ஷனைத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் கடையில் உட்கார்ந்து பத்து நிமிடமாவது மடியில் வைத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டு வரை அழுத்தி மீட்டுங்கள், எங்காவது 'கிர்' என்று இரைந்தால் வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பிரிட்ஜின் ஓரம் தூக்கியிருக்கிறதா என்று ஒரு காகிதத்தை அடியில் நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் வேண்டாம். நைலானா ஸ்டீலா என்று நீங்கள் அங்கேயும் தயங்கி நிற்கும்போது விற்பவர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதையே எடுங்க, ஸ்டீல் தந்தி மாட்டித் தரேன்" என்று ஒரு கிளாசிக்கலை நீட்டினால், கிட்டாரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.